மாதவிடாய் வலியும் விளக்கெண்ணெய் ஒற்றடமும்: பயனும் பாதுகாப்பும்

நம் நாட்டுப் புன்செய் நிலங்களில் ஆமணக்குச் செடியை அறியாத உழவர் இரார். நிலக்கடலைக்கு ஊடுபயிராகவும், மஞ்சள் வயலின் ஓரப்பயிராகவும் அது நெடுங்காலமாக விளைந்து வருகிறது. சேலம், நாமக்கல், தர்மபுரி மாவட்டங்களில் அதன் சாகுபடி மிகுதி. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமென ஓர் ஆராய்ச்சி நிலையமே இயங்கி வருகிறது. அந்த முத்திலிருந்து எடுக்கும் விளக்கெண்ணெய் ஒரு காலத்தில் வீட்டு விளக்குக்கும் வண்டி அச்சுக்கும் வைத்தியத்துக்கும் உதவியது. விளக்குக்கு மின்சாரம் வந்துவிட்ட போதிலும், வைத்தியத்தில் அதற்குரிய இடம் இன்னும் போய்விடவில்லை.

அவ்வைத்தியங்களுள் ஒன்று, மாதவிடாய்க் காலத்து அடிவயிற்று வலிக்கு விளக்கெண்ணெய் ஒற்றடம் இடுவது. ஆமணக்கிலையில் எண்ணெய் தடவி, அனலில் வாட்டி, அடிவயிற்றில் போடுவது நம் பாட்டிமார் கண்ட முறை. எண்ணெயில் நனைத்த துணியை வயிற்றின்மீது பரப்பி, அதன்மேல் வெந்நீர்ப் பையை வைப்பது இந்நாளில் பலரும் கைக்கொள்ளும் முறை. இரண்டும் ஒன்றே. முறையறிந்து செய்தால் இதமளிக்கும். முறை தவறினால் தோல் வெந்துபோதல் முதல் உயிருக்கே ஆபத்து நேர்தல் வரையில் கேடு விளையக்கூடும். ஆகையால் இதனைப் பற்றிப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் குடும்பத் தலைவர்களும் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

இது பெண்கள் சங்கதியாயிற்றே, ஆடவர் ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். நாற்று நடுவதும் களை பறிப்பதும் பருத்தி எடுப்பதும் பெரும்பாலும் பெண்களே. மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் ஒருத்தி வலியால் துடித்தால், கூலியும் போகிறது; பள்ளிச் சிறுமியாயின் படிப்பும் போகிறது. பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல வண்டி பிடிப்பவரும் பணம் எடுத்துக் கொடுப்பவரும் பல வீடுகளில் ஆடவரே. எப்பொழுது ஒற்றடம் போதும், எப்பொழுது டாக்டரிடம் போக வேண்டும் என்பதை அவர்கள் அறியாவிட்டால் யார் அறிந்தும் பயனில்லை.

வலி ஏன் உண்டாகிறது?

மாதவிடாய் ஒரு நோயன்று, தீட்டுமன்று. கருப்பை கருவை ஏற்பதற்காக மாதந்தோறும் தன் உட்சுவரைத் தடிக்கச் செய்து கொள்கிறது. கரு உண்டாகாதபோது அவ்வுட்சுவர் உதிர்ந்து குருதியுடன் வெளிப்படுகிறது. ஒரு மாதவிடாய் தொடங்கிய நாள் முதல் அடுத்தது தொடங்கும் நாள் வரையில் பெரும்பாலோர்க்கு 21 முதல் 35 நாட்கள் ஆகும். போக்கு 2 முதல் 7 நாட்கள் வரை நீடிக்கும்.

உட்சுவர் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் சுரக்கின்றன. இவை கருப்பையின் தசைகளை இறுக்கிப் பிசைகின்றன. அவ்விறுக்கத்தால் தசைக்குச் செல்லும் இரத்தவோட்டம் குறைந்து வலி தோன்றுகிறது. முதல் ஓரிரு நாட்களில் வலி மிகுந்திருப்பதும் பின்னர்த் தணிவதும் இதனாலேயே. சிலருக்கு இடுப்பிலும் தொடையிலும் வலி பரவும். குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும்.

வெப்பம் செய்யும் வேலையும் எண்ணெய் செய்யும் வேலையும்

மிதமான சூடு தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, இரத்தவோட்டத்தைப் பெருக்குகிறது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் ஆய்வில், ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் சூடுள்ள ஒட்டுப்பட்டையை அடிவயிற்றில் அணிந்த பெண்களுக்கு, இபுபுரோஃபென் என்னும் வலிமாத்திரைக்கு ஒப்பான நிவாரணம் கிடைத்தது. நம் உடம்பின் இயல்பான சூடு ஏறத்தாழ 37 டிகிரி. அதற்குச் சற்று மேற்பட்ட சூடே போதும் என்பதை இங்குக் கவனித்தல் வேண்டும். கொதிக்கக் கொதிக்க வைத்தால்தான் குணம் என்பது தவறான எண்ணம்.

இனி எண்ணெயைப் பார்ப்போம். விளக்கெண்ணெயின் பெரும்பகுதி ரிசினோலியிக் அமிலம் என்னும் பொருளால் ஆனது. விளக்கெண்ணெயைக் குடித்தால் குடலில் இவ்வமிலம் பிரிந்து பேதியை உண்டாக்குகிறது. இது எவ்வாறு நிகழ்கிறது என்பதை 2012ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் எலிகளைக் கொண்டு ஆராய்ந்து வெளியிட்டனர். குடல் தசையில் புரோஸ்டாகிளாண்டின் வந்து பொருந்தும் ஓர் இடத்தை இவ்வமிலமும் தூண்டுகிறது என்றும், கருப்பைத் தசையிலும் அதே இடம் உண்டு என்றும் அவர்கள் கண்டனர்.

இதிலிருந்து ஒரு பாடம் பெறலாம். வயிற்றுக்குள் செல்லும் விளக்கெண்ணெய் கருப்பையைத் தளர்த்துவதன்று, தூண்டுவது. தோலின்மீது பரப்பும் எண்ணெய் உள்ளே ஊடுருவிக் கருப்பையைக் குணப்படுத்துகிறது என்பதும், கட்டிகளைக் கரைக்கிறது என்பதும் மெய்ப்பிக்கப்படாத கூற்றுக்கள். ஒற்றடத்தில் வலியைத் தணிப்பது பெரும்பாலும் சூடே.  எண்ணெய் தோலை வறளாமல் காக்கிறது. நீவி விட ஏதுவாகிறது. இவ்வளவே அதன் பணி. எனவே வீட்டில் விளக்கெண்ணெய் இல்லையென்றால் வருந்த வேண்டுவதில்லை. வெந்நீர்ப் பையோ, வாட்டிய துணியோ அதே நலனைத் தரும்.

எந்த எண்ணெய்?

ஆமணக்கு முத்தில் ரிசின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. அது எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது, சூட்டினாலும் அழிகிறது. முத்தை வறுத்து, இடித்து, நீருடன் கொதிக்க வைத்து எண்ணெயை வடித்தெடுத்த நம் முன்னோர் முறை இவ்வகையில் நன்மையானது. ஆனால் முத்தைப் பச்சையாக அரைத்து வயிற்றில் பற்றுப்போடுவது பெருந்தவறு. கடையில் வாங்கும்போது மருந்துக்குரியது எனக் குறித்து, நன்கு மூடிய புட்டியில் உள்ள எண்ணெயையே வாங்குக. இயந்திரத்துக்கும் விளக்குக்கும் விற்கும் எண்ணெய் ஒற்றடத்துக்கு ஆகாது.

முத்தையும் பிண்ணாக்கையும் குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாதபடி வைப்பது உழவர் கடமை. பிண்ணாக்கு நல்ல உரமே, தீவனமன்று. குழந்தை முத்தை மென்று விழுங்கிவிட்டால், வாந்தி வரும் வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. சில முத்துக்களே உயிருக்கு ஆபத்தாகலாம்.

ஆமணக்கிலையைப் பயன்படுத்துவோர், பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து அதனைப் பறித்தல் கூடாது. புறக்கடையில் வளரும் செடியின் இலையை நன்றாகக் கழுவிக் கொள்க. ஆமணக்குக் காய் உடைக்கும் களத்தில் தூசி பட்டால் தும்மலும் மூச்சிரைப்பும் தோலரிப்பும் காணும் சிலர் உண்டு. அத்தகையோர் இவ்விலையையும் எண்ணெயையும் தவிர்த்து, வெந்நீர்ப் பையோடு நின்றுவிடுவதே நன்று.

ஒற்றடம் இடும் முறை

1. முதல் நாளே முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி விடுக. மறுநாள் வரை அரிப்போ சிவப்போ தோன்றாவிட்டால் மேலே செல்லலாம்.

2. துவைத்து உலர்த்திய மெல்லிய பருத்தித் துணியை மூன்று நான்கு மடிப்பாக மடித்து, அடிவயிற்றை மூடும் அளவில் வைத்துக் கொள்க. துணி நனையும் அளவுக்கு எண்ணெய் போதும், சொட்டக்கூடாது.

3. எண்ணெயை அடுப்பில் காய்ச்சி ஊற்றவே கூடாது. காய்ந்த எண்ணெய் தோலில் ஒட்டிக்கொண்டு நீரைக் காட்டிலும் ஆழமாகச் சுடும். சற்று வெதுவெதுப்பு வேண்டுமென்றால், எண்ணெய்க் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் சிறிது நேரம் வைத்தெடுக்கலாம்.

4. பாயில் பழைய விரிப்பொன்றை விரித்துப் படுத்து, எண்ணெய்த் துணியை அடிவயிற்றில் பரப்புக. அதன்மேல் வாட்டிய வாழையிலை, அதன்மேல் உலர்ந்த துண்டு, அதன்மேல் வெந்நீர்ப் பை என அடுக்குக. பையில் கொதிநீரை ஊற்றலாகாது. கை பொறுக்கும் வெந்நீரை முக்காற் பங்குக்கு மேற்படாமல் ஊற்றி, காற்றை வெளியேற்றி, இறுக மூடி, கவிழ்த்துப் பார்த்து, கசிவில்லை என உறுதி செய்துகொள்க. வயிற்றில் வைக்குமுன் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும்.

5. முதன்முறை 15 நிமிடம் போதும். பழகிய பின்னர் 20 முதல் 30 நிமிடம் வரை வைக்கலாம். இடையிடையே துணியை விலக்கித் தோலைப் பார்க்க வேண்டும். எரிச்சல், கொப்புளம், கருஞ்சிவப்பு எது கண்டாலும் உடனே நிறுத்துக. ஒற்றடத்தோடு உறங்கிவிடலாகாது. நாள்தோறும் நெடுநேரம் சூடு வைத்தால் தோலில் வலைபோன்ற கறுப்புத் தழும்பு உண்டாகும்.

6. முடிந்தபின் பயற்றமாவோ சோப்போ இட்டுக் கழுவுக. ஒருவர் துணியை மற்றவர் பயன்படுத்த வேண்டாம். எண்ணெய்த் துணியை அடுப்பருகே போடுதல் தீ விபத்துக்கு வழி செய்யும். சோப்புநீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் உலர்த்துக.

இலையைக் கொண்டு செய்வோர், எண்ணெய் தடவிய இலையை வெறும் தோசைக்கல்லில் மெல்ல வாட்டி, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பின்னரே வயிற்றில் இடுதல் வேண்டும்.

மாதத்தின் எந்நாட்களில்?

இதுவே கட்டுரையின் முக்கியமான பகுதியாகும். கருத்தரிக்க வாய்ப்பில்லாத பெண்கள், மாதவிடாய் வருமுன் தோன்றும் கனத்துக்கும் வலிக்கும் இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே இவ்வொற்றடத்தை இடலாம். போக்குத் தொடங்கிய பின் எண்ணெய்த் துணி தேவையில்லை. அந்நாட்களில் வெந்நீர்ப் பை மட்டும் மிதமான சூட்டில் வைப்பது சுத்தத்துக்கும் வசதி; இதமும் குறைவதில்லை. போக்கு மிகுதியாக உள்ளவர்கள் எந்த ஒற்றடத்தையும் நம்பிக் காலம் கடத்தாமல் டாக்டரைக் காண வேண்டும்.

கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்கள், போக்கு நின்றபின் மாதத்தின் முற்பாதியில் மட்டுமே இதனைக் கைக்கொள்ளலாம். மாதத்தின் நடுவில் கருத்தரித்திருக்கக் கூடும். அது அவளுக்கே தெரியாதிருக்கும். ஆகையால் பிற்பாதியில் எண்ணெய்த் துணியைத் தவிர்ப்பது முன்னெச்சரிக்கையாகும். இம்முன்னெச்சரிக்கையால் ஒன்றும் நட்டமில்லை.

கருவுற்றிருப்பவரும், கருவுற்றிருக்கலாம் என ஐயமுள்ளவரும் அடிவயிற்றில் இவ்வொற்றடத்தை இடவே கூடாது. பிரசவ அறுவை அல்லது குடும்பநல அறுவை செய்து புண் ஆறாதவர்கள், அடிவயிற்றில் சிரங்கோ காயமோ உள்ளவர்கள், காய்ச்சலுள்ளவர்கள் ஆகியோரும் தவிர்க்க. நீரிழிவால் தோலில் உணர்ச்சி குன்றியவர்களுக்குச் சூடு தெரியாது. தெரியுமுன் தோல் வெந்துவிடும். அவர்களும் தவிர்ப்பதே நலம்.

தள்ளிப்போனால் குடிப்பது பெருந்தவறு

மாதவிடாய் தள்ளிப்போனால், விளக்கெண்ணெயைக் குடித்தால் வந்துவிடும் என்னும் எண்ணம் சில ஊர்களில் இன்னும் உண்டு. இது மிகவும் அபாயமானது. கடும் பேதியால் உடலின் நீரும் உப்பும் வெளியேறி மயக்கம் வரும். கரு உண்டாகியிருந்தால் தாய்க்கும் கருவுக்கும் தீங்கு நேரலாம். தள்ளிப்போனால் முதலில் செய்ய வேண்டியது சிறுநீர்ச் சோதனை. கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ அதனைச் செய்துகொள்ளலாம். சில நிமிடங்களில் விடை தெரியும்.

இதைவிடக் கொடிய ஓர் அபாயத்தையும் இங்குக் கூறவேண்டும். சில வேளைகளில் கரு, கருப்பையில் தங்காமல் கருக்குழாயிலேயே தங்கி வளரத் தொடங்கும். குழாய் வெடித்தால் வயிற்றினுள்ளே குருதி பெருகும். வெளியே சிறிதளவு கறையே தென்படும். ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். மருமகளுக்கு மாதவிடாய் பத்து நாள் தள்ளிப் போயிருக்கிறது. ஒருநாள் மாலை ஒரு பக்கத்து அடிவயிற்றில் கடும் வலியும் சிறிது கறையும் கண்டன. “தள்ளி வந்ததால் வலிக்கிறது, ஒற்றடம் கொடுத்தால் சரியாகும்” என்று மாமியார் அன்போடு எண்ணெய்த் துணியை எடுக்கிறார். அன்பில் குறைவில்லை, ஆனால் கழிகின்ற ஒவ்வொரு மணி நேரமும் அப்பெண்ணின் உயிரைக் கரைக்கிறது. அதே வேளையில் நாள் தள்ளியதை நினைவு கூர்ந்து, ‘108’ வண்டியை அழைத்திருந்தால் அவள் பிழைப்பாள். ஒற்றடம் இடுமுன் “கடைசியாக எப்போது வந்தது?” என்று கேட்கும் ஒரு கேள்வியில் அவள் உயிர் அடங்கியிருக்கிறது.

ஒற்றடத்தை நிறுத்தி டாக்டரிடம் செல்ல வேண்டிய நிலைகள்

உடனே செல்ல வேண்டியவை: மாதவிடாய் தள்ளியபின் ஒரு பக்கமாகக் கடும் வலி, வலியோடு மயக்கம் அல்லது தோள்பட்டை வலி, வலியோடு காய்ச்சல், வாந்தி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், வலப்புற அடிவயிற்றில் தொட்டாலே பொறுக்க முடியாத வலி. கடைசியாகக் கூறியது குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அதன்மீது சூடு வைத்து நோயை மறைத்தல் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒரு துணி அல்லது நாப்கின் முழுவதும் நனைவது பல மணி நேரம் தொடர்ந்தாலும் தாமதம் ஆகாது.

சில நாட்களுக்குள் செல்ல வேண்டியவை: 7 நாட்களுக்கு மேல் நீடிக்கும் போக்கு, பெரிய கட்டிகளாக வெளிப்படுதல், மாதத்துக்கு மாதம் வலி மிகுதல், இதுவரை வலியே இல்லாதவர்க்கு நடுவயதில் புதிதாகத் தோன்றும் வலி, இரண்டு மாதவிடாய்க்கு இடையே குருதி காணுதல். மாதவிடாய் முற்றிலும் நின்று ஓராண்டு கழிந்தபின் மீண்டும் குருதி கண்டால் அது சிறிதாயினும் சோதிக்கப்பட வேண்டும். புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். வெட்கத்தால் இதனை மறைத்துக் கெட்ட தாய்மார் பலர்.

வலி பொறுக்க முடியாதபோது மாத்திரை உட்கொள்வது பாவமன்று. ‘பழகிவிடும்’ என்பதும் சரியன்று. டாக்டர் அல்லது செவிலியர் கூறும் வலிமாத்திரையை உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். குடற்புண், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். சித்த வைத்தியத்தை விரும்புவோர், சித்த மருத்துவப் பிரிவு உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பட்டம் பெற்ற வைத்தியரின் ஆலோசனையைப் பெறலாம்.

இரத்தசோகையை மறவாதீர்

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. அஃதாவது இருவரில் ஒருவருக்கு மேல். மாதந்தோறும் மிகுதியாகக் குருதி இழப்பவர்க்கு இக்குறை இன்னும் கடுமையாகும். நாற்றங்காலில் மூச்சு வாங்குவதும், படியேறக் களைப்பதும், முகம் வெளுப்பதும் அதன் அறிகுறிகள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, பயறு வகைகள், முட்டை, மீன், ஈரல் இவற்றை உணவில் சேர்க்க வேண்டும். கீரையோடு எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைச் சிறுமிகள் எறிந்துவிடாமல் உட்கொள்ளச் செய்வது பெற்றோர் பொறுப்பு.

பஞ்சாயத்துகள் செய்யக்கூடியவை

பஞ்சாயத்துகள் பெரும்பொருள் செலவிடாமலேயே இத்துறையில் நற்பணி ஆற்றலாம். முதலாவது, கிராம சுகாதார செவிலியர் ஊருக்கு வரும் நாளை அனைவரும் அறியும்படி பலகையில் எழுதி வைக்கலாம். இரண்டாவது, சுய உதவிக் குழுக் கூட்டத்தில் அவரைக் கொண்டு மேற்கூறிய அபாய அறிகுறிகளை விளக்கச் செய்யலாம். மூன்றாவது, பள்ளியிலும் வேலைத்தலங்களிலும் பெண்களுக்குக் கதவும் தண்ணீரும் உள்ள கழிப்பிடம் அமைந்திருக்கிறதா எனப் பார்க்கலாம். களை பறிக்கும் வயலில் நிழலும் சிறிது ஓய்வும் அளிப்பது நில உடைமையாளர் கையிலேயே உள்ளது. நான்காவது, மாதவிடாய்க் காலத்தில் பெண்ணை மாட்டுக்கொட்டிலிலோ ஊர்ப்புறக் குடிசையிலோ தனியே இருத்தும் பழக்கம் எங்கேனும் எஞ்சியிருந்தால், அதனை ஊரே கூடி விலக்கலாம். இரவில் தனியே இருக்கும் பெண்ணுக்கு ஆபத்து நேர்ந்தால் யாருக்கும் தெரியாது போகும்.

இரவில் ஐயம் தோன்றினால் ‘104’ என்னும் எண்ணில் ஆலோசனை பெறலாம், அவசரத்துக்கு ‘108’. இவ்விரண்டு எண்களும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதப்பட்டிருத்தல் நன்று.

“விளக்கெண்ணெய்க்குக் கேடே தவிரப் பிள்ளை பிழைத்த பாடில்லை” என்று நம்மவர் ஒரு பழமொழி வழங்குவதுண்டு. மருந்து செலவானதே தவிரப் பயன் கிட்டாத நட்டத்தையே அது சுட்டுகிறது. விளக்கெண்ணெய் ஒற்றடம் வலிக்கு இதம், நோய்க்கு மருந்தன்று. அந்த எல்லையை அறிந்து, சூட்டை அளந்து, நாளைக் கணக்கிட்டு, அபாயக் குறி கண்டவுடன் துணியை வைத்துவிட்டு வண்டியை அழைக்கும் அறிவு ஒவ்வொரு குடும்பத்திலும் நிலவுமாயின், நம் தாய்மாரும் தங்கைமாரும் வீணாக வருந்த வேண்டியதில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதனைப் பேசுவதற்குப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முன்வருவார்களாக.